பெண்ணையாற்றங்கரையும் கல்வராயன் மலையும்: முழுமனித நலம் பற்றிய கிறித்தவக் கருத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

உடல், உள்ளம், ஆன்மா, சமூக உறவு ஆகிய நான்கையும் பிரிக்காமல் ஒருசேர நோக்குவதே மனித நலம் என்னும் கருத்து இன்று கிறித்தவ மருத்துவச் சிந்தனையின் மையமாக விளங்குகிறது. இக்கருத்து மேலைநாட்டு இறையியல் மாநாடுகளில் உருவாகிப் பின்னர் களப்பணிக்கு வந்தது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. மூங்கில்துறைப்பட்டை உள்ளடக்கிய தென்பெண்ணையாற்றுச் சமவெளி, கல்வராயன் மலை, அவற்றோடு தொடர்புடைய கொல்லிமலை, வேலூர் ஆகிய பகுதிகளின் மருத்துவப்பணி வரலாற்றை நோக்கும்போது மாறான போக்கே புலப்படுகிறது. நரம்புச்சிலந்தி நோயும் தொழுநோயும் உடலை மட்டும் நோக்கிய மருத்துவத்தையும் ஆன்மாவை மட்டும் நோக்கிய அறிவிப்பையும் போதாதவை எனக் காட்டின. கோட்பாடு அதன் பின்னரே வடிவம் பெற்றது. இதனை நிறுவுவதோடு, இம்மரபின் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முழுமனித நலம், மருத்துவ மிஷன், தொழுநோய், கல்வராயன் மலை, மறுவாழ்வு, நடுநாடு.

முன்னுரை

தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த மூங்கில்துறைப்பட்டு, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வட எல்லையை ஒட்டிய ஊராகும். ஊர்ப்பெயரில் நிற்கும் ‘துறை’ என்னும் சொல் ஆற்றைக் கடக்கும் இடத்தைச் சுட்டுகிறது. ‘பட்டு’ நடுநாட்டு ஊர்ப்பெயர்களில் பெருவழக்காகக் காணப்படும் ஈறு. கரும்பும் நெல்லும் விளையும் இவ்வூரின் அடையாளமாகக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை விளங்குகிறது. தென்மேற்கே கல்வராயன் மலைத்தொடர் உயர்ந்து நிற்கிறது. நிலத்தில் கையால் உழைத்து வாழும் மக்களே இச்சமவெளியிலும் மலையிலும் பெரும்பான்மையினர். நோயுற்ற உடல் இங்கு உழைப்பிழந்த உடலாகவும் மாறிவிடுகிறது. ஆகவே நோயைத் தனியே பிரித்து நோக்குதல் இந்நிலப்பகுதியில் என்றும் எளிதாக இருந்ததில்லை.

இப்பகுதி மக்களின் நலத்தோடு கிறித்தவ மருத்துவப்பணி பல முனைகளில் தொடர்பு கொண்டது. கிழக்கே திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் மருத்துவமனை எழுந்தது. தெற்கே தியாகதுருகத்தை அடுத்த வடதொரசலூரில் டேனிஷ் பணியின் வழிவந்த தொழுநோய் மருத்துவமனை அமைந்தது. வடக்கே வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளர்ந்தது. கல்வராயன் மலைக்கோ கொல்லிமலை வழியாக இப்பணி வந்து சேர்ந்தது. இந்நான்கு முனைகளையும் ஒரே வரலாறாகக் கருதி, ‘முழுமனித நலம்’ என்னும் கருத்து எங்கிருந்து பிறந்தது என வினவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லும் பொருளும்

கிறித்தவ மறைநூலில் நலத்தைக் குறிக்கும் சொற்கள் பகுப்புக்கு இடந்தருவனவல்ல. எபிரேயத்தின் ‘ஷாலோம்’ அமைதி, உடல்நலம், வளம், நல்லுறவு ஆகிய அனைத்தையும் ஒருசேரக் குறிக்கும். புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தின் ‘சோசோ’ என்னும் வினை நோயினின்று குணமாக்குதலையும் பாவத்தினின்று மீட்டலையும் ஒருங்கே சுட்டும். தமிழ் மொழிபெயர்ப்பு மரபில் ‘இரட்சிப்பு’ எனவும் ‘சுகம்’ எனவும் இருவேறு சொற்கள் நிலைபெற்றன. மூலச்சொல்லின் ஒருமையைத் தமிழ் வாசகர் எப்பொழுதும் உணர இயலாமற்போனமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

தொழுநோயைக் குறிக்கும் சொற்களின் வரலாறும் கருதத்தக்கது. பழைய தமிழ் விவிலியத்தில் ‘குஷ்டரோகம்’ என வழங்கியது, 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ‘தொழுநோய்’ என மாறியது. லேவியர் நூலின் 13, 14ஆம் அதிகாரங்களில் பேசப்படும் எபிரேயச் சொல்லோ மனிதத் தோலில் தோன்றும் பலவகைக் குறைகளோடு ஆடையிலும் வீட்டுச் சுவரிலும் படரும் பூசணத்தையும் உள்ளடக்கியது. நோர்வே மருத்துவர் ஹேன்சன் 1873இல் கண்டறிந்த நுண்ணுயிரியால் வரும் நோயும் அதுவும் ஒன்றல்ல. ஆயினும் மொழிபெயர்ப்பின் வழியே பண்டைய விலக்குவிதியின் நிழல் இந்நோயின்மேல் படிந்தது.

இங்கு ஒரு முரண் உள்ளது. நோயாளியைக் குடியிருப்புக்கு வெளியே நிறுத்தும் விதியும், அவரைத் தொட்டுக் குணமாக்கும் நிகழ்ச்சியும் ஒரே மறைநூலில் இடம்பெறுகின்றன. மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசு தொழுநோயாளியைத் தொடுகிறார். குணமடைந்தவரைக் குருவிடம் சென்று தம்மைக் காட்டுமாறும் பணிக்கிறார். குருவின் சான்று ஊருக்குள் மீண்டும் நுழைவதற்கான சான்றாகும். தோல் தூய்மையடைந்ததோடு நிகழ்ச்சி முடிவதில்லை. ஊர் அவரை ஏற்றுக்கொள்ளும்போதே குணம் நிறைவெய்துகிறது. பிற்கால மருத்துவப்பணி பட்டறிவால் கண்ட உண்மை இந்நிகழ்ச்சியில் முன்னரே பொதிந்திருந்தது எனலாம். ஆனால் அதனைக் காண நெடுங்காலம் தேவைப்பட்டது.

தமிழ் மரபுக்கும் இத்தகைய நோக்கு அயலன்று. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தின் நான்கு கூறுகளாக நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து துணைசெய்வோரையும் எண்ணுகிறது. திருமந்திரம் உடலைப் பேணுதலை உயிரைப் பேணுதலோடு பிணைக்கிறது. எனவே மிஷன் மருத்துவம் தமிழகத்தில் வேரூன்றியபோது முழுமை பற்றிய சிந்தனை இல்லாத நிலத்தில் அது வேரூன்றவில்லை.

2. இருகூறாகப் பிரிந்த பணி

தொடக்ககால மிஷன் மருத்துவம் மனிதரை இருகூறாகவே நோக்கியது. தரங்கம்பாடி மிஷனைச் சார்ந்த கிரண்ட்லர் 1711இல் தமிழ் மருத்துவம் பற்றிய நூலொன்றை ஜெர்மானிய மொழியில் எழுதினார். அது உள்நாட்டு மருத்துவ அறிவை மதித்துக் கற்க முனைந்த அரிய முயற்சி. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆயினும் பொதுநிலையில் மருத்துவம் நற்செய்திக்கு வாயில் திறக்கும் கருவியாகவே கருதப்பட்டது. மருந்து உடலுக்கு, மறையுரை ஆன்மாவுக்கு என்னும் பகுப்பு நடைமுறையில் நிலவியது. மருந்து பெறக் காத்திருப்போர்முன் மறையுரை நிகழ்த்தும் வழக்கம் இப்பகுப்பின் புறவடிவம்.

ஆர்க்காட்டுப் பகுதியில் ஸ்கடர் குடும்பத்தினரின் பணி இதே சட்டகத்தில் தொடங்கியது. சைலஸ் ஸ்கடர் 1866இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனையைத் தொடங்கினார். ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் சிறிய அளவில் தொடங்கிய பணி 1902இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாகவும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகவும் வளர்ந்தது. ஆண் மருத்துவரிடம் காட்ட மறுக்கப்பட்டதால் மகப்பேற்றில் இறந்த பெண்களின் நிலையே ஐடாவை மருத்துவக் கல்விக்குத் திருப்பியது. நோயின் காரணம் உடலுக்கு வெளியே, சமூக வழக்கத்தில் இருப்பதை உணர்ந்த தொடக்கப்புள்ளியாக இதனைக் கொள்ளலாம்.

தென்னார்க்காட்டில் டேனிஷ் மிஷனின் பின்னணி வேறு. லைப்சிக் மிஷனில் பணியாற்றிய கார்ல் ஓக்ஸ், திருச்சபைக்குள் சாதி வழக்கங்களுக்கு இடமளித்தமையை ஏற்காமல் வெளியேறினார். 1860களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் நிலையத்தை அவர் நிறுவினார். டேனிஷ் மிஷனரி சங்கம் அவரது பணியை ஏற்றுக்கொண்டது. அங்கிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை எனப் பணி விரிந்து பெண்ணையாற்றுப் பகுதியை அடைந்தது. சாதி பற்றிய வினாவிலிருந்தே இப்பகுதியின் சீர்திருத்தத் திருச்சபை பிறந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வினா எவ்வளவு தீர்க்கப்பட்டது என்பது பின்னர் ஆராயப்படும்.

திருப்பத்தூரில் 1921இல் மருத்துவர்கள் எஸ். ஏசுதாசனும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம் இருகூறான நோக்கை வெளிப்படையாக மறுத்தது. மருத்துவம், வழிபாடு, கைத்தொழில், எளிய வாழ்வு ஆகியன ஒரே வளாகத்தில் இணைந்தன. மக்கள் முன்னவரைப் ‘பெரியண்ணன்’ எனவும் பின்னவரைச் ‘சின்னண்ணன்’ எனவும் அழைத்தனர். மருத்துவர் என்னும் பதவிப்பெயரை உறவுப்பெயர் விஞ்சியமை, நலம் உறவில் ஊன்றியது என்னும் புரிதலின் சமூக வெளிப்பாடாகும்.

3. மலையின் பாடம்: நீரும் நரம்புச்சிலந்தியும்

மலைப்பகுதியில் இக்கருத்து வேறொரு நோயின் வழியே உருப்பெற்றது. ஜெசி பிராண்ட் 1907இல் இந்தியாவுக்கு வந்தார். அவரும் எவலினும் 1913இல் மணம் புரிந்து கொல்லிமலையில் குடியேறினர். ஜெசி முழுமையான மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். வெப்பமண்டல நோய்கள் பற்றிய குறுகியகாலப் பயிற்சியே பெற்றிருந்தார். அவர் எதிர்கொண்ட நோய்களுள் ஒன்று நரம்புச்சிலந்தி.

இந்நோயின் இயல்பு கவனத்திற்குரியது. நீரிலுள்ள மிகச்சிறு உயிரிகளின் வழியே புழுவின் இளநிலை உடலுக்குள் செல்கிறது. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், வளர்ந்த பெண்புழு தோலைத் துளைத்து வெளிவருகிறது. எரிச்சலைத் தணிக்க நோயாளி காலைக் குளத்திலோ கிணற்றிலோ நனைக்கும்போது புழு தன் குஞ்சுகளை நீரில் விடுகிறது. அந்நீரை அருந்துவோர் மீண்டும் நோயுறுகின்றனர். புழுவைக் குச்சியில் சிறிது சிறிதாகச் சுற்றி நாள்தோறும் வெளியே இழுப்பதே சிகிச்சை. இடையில் அறுந்தால் புண் சீழ்ப்பிடிக்கும். தடுப்பதற்கு மருந்து இல்லை. படிக்கிணற்றுள் இறங்குவதை நிறுத்துதல், கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புதல், நீரைத் துணியால் வடிகட்டுதல் ஆகியவையே தடுப்புமுறைகள்.

எனவே நரம்புச்சிலந்தியை ஒழிக்க விரும்பும் மருத்துவர் கிணறு பற்றியும் நீர் எடுக்கும் வழக்கம் பற்றியும் ஊரோடு பேசியாக வேண்டும். ஒருவரைக் குணப்படுத்துவதால் பயன் சிறிது, ஊரே மாறவேண்டும். ஜெசியின் பணி மருந்தோடு நில்லாமல் நீர், வீடு, வேளாண்மை, கைத்தொழில், பள்ளி எனப் பரவியதன் காரணத்தை இங்கிருந்தே புரிந்துகொள்ள இயலும். மறையுரையால் இந்நோய் தீராது, மருந்தாலும் தீராது. ஊரின் வாழ்வு முழுவதையும் தழுவிய பணியை அந்நோய் வேண்டி நின்றது. இந்தியா நரம்புச்சிலந்தியிலிருந்து விடுபட்டதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2000இல் சான்றளித்தது. தடுப்பூசியோ கொல்லும் மருந்தோ இன்றி, நீர் வழக்கத்தின் மாற்றத்தாலேயே அவ்வெற்றி கிட்டியது.

ஜெசி 1929இல் கரும்நீர்க் காய்ச்சலால் இறந்தார். கொல்லிமலையோடு நில்லாமல் அடுத்துள்ள மலைத்தொடர்களையும் அடையவேண்டும் என்பது அவ்விருவரின் உறுதிமொழியாக இருந்தது. பணிக்காலம் முடிந்ததாகச் சங்கம் கருதிய முதிய வயதில், எவலின் ஓய்வை ஏற்றுச் சங்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலகி மீண்டும் மலைக்குச் சென்றார். பச்சைமலையிலும் கல்வராயன் மலையிலும் அவர் பணியாற்றினார். மட்டக்குதிரைமேலும், பின்னர் இரு மூங்கில் கோல்களை ஊன்றியும் மலைவழிகளில் சென்ற அவர் 1974இல் 95 வயதில் மறைந்தார்.

எவலின் சென்ற காலத்துக் கல்வராயன் மலையின் சமூகநிலையைக் கருத்தில் கொள்ளவேண்டும். நெடுங்காலம் இம்மலை ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் ஊதியமற்ற கட்டாய உழைப்புக்கு உட்பட்டிருந்தனர். நிலத்தின்மீதும் உழைப்பின்மீதும் உரிமையற்ற மக்களிடம் தனிமனித நலம் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. மலைப்பணியின் வலிமையும் எல்லையும் இங்கு ஒருசேரத் தெரிகின்றன. புண்ணுக்கு மருந்திடவும் குழந்தைகளைப் பேணவும் எழுத்தறிவிக்கவும் பணியாளரால் இயன்றது. ஜாகிர் முறையை அகற்றுவதற்கோ சட்டமும் அரசும் தேவைப்பட்டன.

4. தொழுநோய்: குணமான பின்னும் குணமாகாதவர்

முழுமனித நலம் என்னும் கருத்து மிகத் தெளிவாக உருப்பெற்ற களம் தொழுநோய்ப்பணி. வெல்லஸ்லி பெய்லி 1874இல் தொடங்கிய தொழுநோய் மிஷன் இந்தியாவெங்கும் காப்பகங்களுக்குத் துணைநின்றது. முதல் பல்லாண்டுகள் இவை புகலிடங்களாகவே இருந்தன. சித்த மருத்துவத்தில் வழங்கிய நீரடிமுத்து இனத்து எண்ணெயை ஊசிவழிச் செலுத்துதலே 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதன்மைச் சிகிச்சை. அரசின் 1898ஆம் ஆண்டுச் சட்டமோ இரந்துண்ணும் தொழுநோயாளரைப் பிடித்து அடைத்துவைக்கவே வழிசெய்தது. அச்சட்டம் 2016இல்தான் முற்றாக நீக்கப்பட்டது.

1940களின் பிற்பகுதியில் சல்ஃபோன் வகை மருந்துகள் நிலைமையை மாற்றின. செங்கற்பட்டையடுத்த திருமணியில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன் இம்மருந்துகளை இந்தியாவில் பயன்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர். நுண்ணுயிரியை ஒடுக்க முடிந்தது. நோய் பரவுதல் நின்றது. மருத்துவ அளவுகோலின்படி நோயாளி குணமானார். ஆனால் அவர் விரல்கள் மடங்கியே இருந்தன; பாதத்தில் புண் ஆறவில்லை; கண் இமைக்கவில்லை; வீட்டுக் கதவு திறக்கவில்லை. உடல்மைய மருத்துவத்தின் வெற்றியே அதன் போதாமையை வெளிப்படுத்தியது.

இச்சூழலில்தான் ஜெசி, எவலின் ஆகியோரின் மகனும் 1914இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தவருமான பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். காக்ரேனின் அழைப்பின்பேரில் திருமணியில் நோயாளிகளைக் கண்டபின் அவர் இரு முடிவுகளை அடைந்தார். முதலாவது, மடங்கிய கையில் செயலிழக்காத தசைகளும் உள்ளன. அவற்றின் தசைநாண்களை இடம்மாற்றிப் பொருத்தினால் விரல்கள் மீண்டும் இயங்கும். இரண்டாவது, விரல்கள் குறுகுவதற்கு நோய் சதையை அரிப்பது காரணமன்று. நரம்பு செத்து வலியுணர்வு அற்றுப்போனமையே காரணம். சூடான பாத்திரத்தைப் பற்றும் கை வலியை உணராததால் விலகுவதில்லை. முள் தைத்த பாதம் நொண்டாமல் நடந்துகொண்டே இருக்கிறது. உறக்கத்தில் எலி கடிப்பதையும் நோயாளி உணர்வதில்லை. இவ்வுண்மை கண்டறியப்பட்டபின் நோயாளரின் உறக்கத்துக்குப் பூனைகளும் காவலாயின.

இக்கண்டுபிடிப்பின் சமூகப் பொருள் பெரிது. விரல் உதிர்தல் தெய்வத்தின் ஒறுப்பு என்னும் நம்பிக்கைக்கும், சதை அழுகும் என்னும் அச்சத்துக்கும் அது அடிப்படையற்றதாக்கும் விடையளித்தது. மேலும், காயத்தைத் தடுக்கும் பொறுப்பு மருத்துவமனையின் சுவருக்கு வெளியே, அன்றாட வாழ்வுக்கு நகர்ந்தது. கரும்பு வெட்டும் அரிவாளின் பிடி, அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரம், வரப்பில் நடக்கும் செருப்பு ஆகியன மருத்துவத்தின் பொருள்களாயின. மென்ரப்பர் அடிப்பாகம் கொண்ட செருப்பு, மருந்துக்கு நிகரான சிகிச்சைக் கருவியாகக் கருதப்பட்டது. மூங்கில்துறைப்பட்டு போன்ற உழவூரில் உணர்விழந்த கையோடு வாழ்வோருக்கு மாத்திரையைவிட இவ்வறிவே நெடுங்காலம் துணைசெய்யும்.

5. கையிலிருந்து வாழ்வுக்கு

அறுவைச் சிகிச்சையால் சீராக்கப்பட்ட கைகளோடு ஊர் திரும்பிய முதல் நோயாளர் சிலர் மீண்டும் மருத்துவரிடமே வந்தனர். கை சீரானதால் இரப்போருக்குக் கிடைக்கும் இரக்கம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நோயின் தழும்பு இருந்ததால் வேலையும் கிடைக்கவில்லை. முன்பு இரந்தேனும் உண்டவர் இப்போது பட்டினி கிடந்தார். மருத்துவத்தின் முழுவெற்றி மனிதரின் முழுத்தோல்வியாக முடிந்தமையை பிராண்ட் தம் நினைவுகளில் பதிவுசெய்துள்ளார்.

இந்நிகழ்ச்சிகளின் விளைவாக 1950களின் தொடக்கத்தில் வேலூர்க் கல்லூரி வளாகத்தில் ‘புதுவாழ்வு மையம்’ எழுந்தது. ஊர்க்குடிசைகளைப் போன்ற எளிய இல்லங்களில் நோயாளர் தங்கி, சீரான கைகளால் தச்சும் மரப்பொம்மை செய்தலும் கற்றனர். ஊர் திரும்பியபின் செல்லுபடியாகும் திறனையே கற்பிக்கவேண்டும் என்பது அதன் கொள்கை. 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் நிறுவப்பட்டது. மார்கரெட் பிராண்ட் இமைக்காத கண்களைக் காக்கும் சிகிச்சைகளை வளர்த்தார். புருவம் உதிர்ந்த முகத்துக்குப் புருவம் அமைக்கும் சிகிச்சையும் நடைபெற்றது. புருவத்தால் உடலுக்குப் பெரும்பயன் ஏதுமில்லை. ஆனால் திருமணப் பேச்சிலும் பேருந்திலும் சந்தையிலும் ஒருவர் ஏற்கப்படுவதற்கு அது தேவை. உடல்நலத்தின் வரையறையை அச்சிறு சிகிச்சை விரித்துக் காட்டியது.

இம்மரபை மருத்துவர் மேரி வர்கீஸ் மேலும் ஆழப்படுத்தினார். 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் கற்று, வேலூரில் அத்துறையைக் கட்டமைத்தார். 1966இல் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அளிக்கப்பட்டது. குணமாக்குவோர், குணமாக்கப்படுவோர் என்னும் பிரிவு அவர் வாழ்வில் கரைந்தது. முழுமை என்பது குறையற்ற உடலைக் குறிப்பதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று. குறையோடு கூடிய உடலும் பணியிலும் உறவிலும் நம்பிக்கையிலும் நிறைவெய்தக்கூடும். நலத்தை நோயின்மையோடு ஒன்றாக்கும் எண்ணத்திலிருந்து கிறித்தவ நோக்கு விலகிநிற்கும் இடம் இதுவே.

6. பட்டறிவிலிருந்து கோட்பாட்டுக்கு

உலக நலவாழ்வு நிறுவனம் 1948இல் நடைமுறைக்கு வந்த தன் அமைப்பு விதியில், நலம் என்பது நோயின்மை மட்டுமன்று. உடல், உள்ளம், சமூகம் ஆகியவற்றின் முழுநலம் என வரையறுத்தது. அவ்வரையறையில் ஆன்மா இடம்பெறவில்லை. திருச்சபைகளோ ஆன்மாவைப் பேசின. சமூகத்தை மருத்துவத்தோடு இணைக்கும் கோட்பாடு அவற்றிடம் உருப்பெறவில்லை. 1964இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கூடிய கலந்தாய்வு இவ்விரண்டையும் இணைக்க முயன்றது. குணமளிக்கும் பணி மருத்துவ வல்லுநருக்கு மட்டும் உரியதன்று. நம்பிக்கைச் சமூகம் முழுவதற்கும் உரியது என்பது அதன் மையக்கருத்து.

அதன் தொடர்ச்சியாக 1968இல் ஜெனீவாவில் கிறித்தவ மருத்துவ ஆணையம் அமைந்தது. அதன் இயக்குநரான ஜேம்ஸ் மெக்கில்வ்ரே வேலூர் மருத்துவமனை நிர்வாகத்தில் பணியாற்றியவர். வேலூரில் பயின்ற ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே இணையர் 1970இல் மகாராட்டிரத்தின் ஜாம்கேடில் தொடங்கிய ஊரகப்பணி இவ்வாணையத்தின் சிந்தனைக்கு முதன்மை எடுத்துக்காட்டாயிற்று. 1978இல் அல்மா அட்டாவில் அடிப்படை நலவாழ்வுக்கான அறிக்கை உருவானதன் பின்னணியில் இவ்வாணையத்தின் பங்கு அறிஞர்களால் ஏற்கப்பட்டுள்ளது.

இக்காலவரிசை கட்டுரையின் கருதுகோளை உறுதிப்படுத்துகிறது. கிறிஸ்துகுல ஆசிரமம் 1921, புதுவாழ்வு மையம் 1950களின் தொடக்கம், டூபிங்கன் 1964. கொல்லிமலையில் கிணறு பற்றிய அறிவுரை இவை பலவற்றுக்கும் முந்தையது. நோயாளரின் தேவை பணியை மாற்றியது. பணியின் மாற்றம் கோட்பாட்டுக்கு மொழி தந்தது. முழுமனித நலக் கருத்தின் ஆசிரியர்களுள் பெயர் பதிவாகாத நோயாளரும் அடங்குவர். சீரான கையோடு பசியுடன் திரும்பி வந்து முறையிட்டவரின் சொல், இறையியல் நூல்களுக்கு முந்திய இறையியலாகும்.

7. எல்லைகளும் முரண்களும்

இம்மரபைப் போற்றியுரைப்பதோடு ஆய்வு நின்றுவிட இயலாது. மூன்று முரண்கள் சுட்டத்தக்கன.

முதலாவது, சுவர் பற்றியது. தொழுநோய் வளாகங்கள் புறக்கணிக்கப்பட்டோருக்குப் பாதுகாப்பளித்தன. அதேவேளையில், இந்நோயாளர் தனியே வாழவேண்டியவர் என்னும் எண்ணத்தையும் அவை நிலைநிறுத்தின. 1980களில் கூட்டுமருந்துச் சிகிச்சை வந்தபின் நோயாளர் வீட்டிலிருந்தே குணமாக வழி பிறந்தது. இந்தியா 2005இறுதியில், 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் அளவை எட்டியதாக அறிவித்தது. வடதொரசலூர் மருத்துவமனை இன்று பொது நோயாளரையும் ஏற்கும் சமூக மருத்துவமனையாக இயங்குகிறது. தொழுநோயாளரும் பிறரும் ஒரே வாயிலில் நுழைதல் மாற்கு நற்செய்தியின் நிகழ்ச்சியைப் பழைய வளாகத்தைவிட நெருங்கிநிற்கிறது. ஆயினும் தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்ற சட்டப்பிரிவுகள் 2019இல்தான் நீக்கப்பட்டன. நோய் குறைந்த அளவுக்கு விலக்கு குறையவில்லை.

இரண்டாவது, மதமாற்றம் பற்றியது. நலிவுற்ற நிலையில் உள்ளவருக்கு அளிக்கப்படும் உதவி அவர் விருப்புரிமையைப் பாதிக்கக்கூடும் என்னும் விமர்சனம் காந்தியடிகள் காலந்தொட்டு எழுப்பப்பட்டு வந்தது. முழுமனித நோக்கு இவ்விமர்சனத்துக்கு உள்ளிருந்தே விடைதர வல்லது. மனிதரின் முழுமையில் அவர் உரிமையும் அடங்குமாயின், நம்பிக்கையைச் சிகிச்சையின் விலையாக்குதல் அம்முழுமையைச் சிதைப்பதாகும்.

மூன்றாவதும் கடினமானதுமாகிய முரண் சாதி. ஓக்ஸ் எழுப்பிய வினா நடுநாட்டுக் கிறித்தவத்தில் இன்றும் முடிவு பெறவில்லை. சீர்திருத்தத் திருச்சபைகளோடு விரியூர், ஏறையூர், முகையூர் முதலிய பழங்கத்தோலிக்க ஊர்களும் நிறைந்தது இப்பகுதி. தனிப்பங்கு கோரிய தலித் கிறித்தவருக்கும் பிற சாதிக் கிறித்தவருக்கும் இடையே 2008 மார்ச்சில் ஏறையூரில் மோதல் ஏற்பட்டது. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் உயிரிழந்தனர். தொழுநோயாளரைத் தொடக் கற்ற சமயம், ஒரே திருச்சபையில் உள்ளோர் ஒரே வழியில் நடக்கவும் ஒரே கல்லறையில் அடங்கவும் கற்பிக்க இயலாமற்போனது. உடலின் விலக்கைப் போக்கிய மரபு பிறப்பின் விலக்கைப் போக்காதவரை ‘முழு’ என்னும் அடைமொழி முழுமை பெறாது.

8. இன்றைய பொருத்தம்

2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதனையடுத்துச் சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. நஞ்சுச் சாவு பற்றிய விசாரணை மலையின் சாலை, பள்ளி, மருத்துவமனை, வாழ்வாதாரம் ஆகியன பற்றிய வினாவாக விரிந்தமை கவனத்திற்குரியது. நரம்புச்சிலந்தி கிணற்றைக் காட்டியதுபோல, சாராயச் சாவு வறுமையையும் உடல்நோவையும் மறக்கத் துணையாகும் மதுவையும் காட்டியது. மருத்துவமனைப் படுக்கையில் மட்டும் தீரும் நோயன்று இது.

இன்று ‘முழுநலம்’ என்னும் சொல் தனிமனிதர் விலைகொடுத்துப் பெறும் பயிற்சி, உணவுமுறை, ஓய்விடம் ஆகியவற்றின் பெயராகவும் வழங்குகிறது. மறையுரைகளிலும் அது தனிமனித அமைதியாகச் சுருங்குவதுண்டு. இங்கு ஆராய்ந்த வரலாறு அச்சுருக்கத்துக்கு எதிரானது. கிணற்றின் சுற்றுச்சுவர், மென்ரப்பர்ச் செருப்பு, மரப்பொம்மைப் பட்டறை ஆகிய எதுவும் ஒருவர் தமக்காகத் தாமே அமைத்துக்கொள்ளக்கூடியதன்று. ஒருவரின் நலத்துக்குப் பலர் பொறுப்பேற்றமையின் சான்றுகள் அவை.

முடிவுரை

முழுமனித நலம் என்னும் கிறித்தவக் கருத்து மறைநூலில் வித்தாக இருந்தது. அவ்வித்து முளைத்த நிலம், மருந்து போதாமற்போன மலையூர்களும் குணமானவருக்கு இடமில்லாமற்போன சமவெளி ஊர்களுமாகும். நரம்புச்சிலந்தி நலத்தை ஊரின் நீரோடு பிணைத்தது. தொழுநோய் அதனைக் கையின் உழைப்போடும் வீட்டின் வாயிலோடும் பிணைத்தது. மேரி வர்கீஸின் வாழ்வு முழுமையை உடற்குறையின்மையிலிருந்து விடுவித்தது. 1964க்குப் பிந்திய கோட்பாடுகள் இப்பட்டறிவுக்குப் பொதுமொழி தந்தன. சாதியும் நிலவுரிமையும் இம்மரபு முழுமையாக எதிர்கொள்ளாத பகுதிகளாக எஞ்சியுள்ளன. டேனிஷ் மிஷன் ஆவணங்களையும் கல்வராயன் மலைமக்களின் வாய்மொழி நினைவுகளையும் இணைத்து ஆராய்தல், இவ்வரலாற்றில் நோயாளரின் குரலுக்கு உரிய இடத்தைப் பெற்றுத்தரும். பெண்ணையாற்றங்கரை ஊருக்குச் சீரான கையோடு திரும்பும் ஒருவருக்கு வேலையும் வீடும் திருச்சபை இருக்கையும் காத்திருக்கின்றனவா என்பதே இக்கருத்தின் உண்மையை அளக்கும் கோல்.